அவரங்காலில் கழன்ற செயின்

புத்தூர், தை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் ஜெயரூபனுக்கு,

இங்கே வீட்டில் நானும் அம்மாவும் நல்ல சுகம், பனியும் இருட்டுமாய்க் கிடக்கும் நோர்வேயில் நீயும் மருமகளும் ஆரணியும் அப்படியே சுகமாயிருக்க வேண்டும் என்று பிள்ளையாரை நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவ பக்கத்து வளவு ஐரிஸ் ரீச்சர். அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது, இப்போது கிணற்றடி வரைக்கும் தானே நடக்கிறா. இந்த முறை மழை பிந்திப் பெய்து வெங்காயம் கொஞ்சம் அழுகிப்போனது, மற்றபடி குறையில்லை. போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ "சரி விடுங்கோ அப்பா" என்று வைத்துவிடுவாய். இது விடுகிற விசயம் இல்லை.

நீ ஓடின றேசிங் சைக்கிளை விற்றுவிடச் சொன்னாய் அல்லவா, கொழும்பிலிருந்து தேனுஜன் என்று ஒருவர் கேட்டு வந்தார், பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கித் திருத்தி வைக்கிறவர். அழுக்கோடு கொடுக்க மனம் வரவில்லை, ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கழற்றத் தொடங்கினேன். பின் சில்லில் முப்பத்தாறு கம்பியில் ஆறு துருவேறி முறிந்துவிட்டது, மாற்றிப் போட்டு, சோக்குக் கட்டியைச் சில்லுக்குக் கிட்டப் பிடித்துச் சுற்றி, தொடுகிற இடமெல்லாம் கம்பியை இறுக்கியும் இளக்கியும் நெளிவெடுக்க இரண்டு நாள் போனது. அச்சுக்குள் கிறீஸ் மெழுகாய்க் கட்டிக் கிடந்தது, குண்டுகளைக் கழுவிப் பார்த்தால் ஒன்றும் தேயவில்லை, எண்பதாம் ஆண்டுக்கு முந்தின சாமான், அப்படித்தான் இருக்கும். பிறகு செயினை எடுத்தேன். இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தி அந்தச் சைக்கிள் போட்டியில் நீ விழுந்த பிறகு கோபத்தில் நான் சாக்குக்குள் எறிந்தது எறிந்தபடியே கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் துடைத்துப் பார்த்தேன் தம்பி, அது அறுந்த செயின் இல்லை. ஒரு கண்ணியும் முறியவில்லை. கழன்ற செயின். ஒரு நுனியில் இரண்டு ஊசியும் அப்படியே நிற்கின்றன, அவற்றின் மேல் நான் பூட்டாய்க் கொளுவின கிளிப் மட்டும் இல்லை.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். சாதாரண சைக்கிள் செயின் ஒரே பல்லுச் சக்கரத்தில் நேராய் ஓடுவது, அதைக் கிளிப் போட்டுப் பூட்டலாம், சைக்கிள் திருத்தின நாற்பது வருசமும் நான் அப்படித்தான் பூட்டினேன். கியர்ச் செயின் பல்லுக்குப் பல் தாவுவது, அதை ஊசி அடித்துத்தான் பூட்ட வேண்டும், கிளிப் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் அந்த ஊசியைத் தள்ளுகிற சாமான் என்னிடம் இருக்கவில்லை. கேட்டு வாங்க அரியாலையில் இருந்த சைக்கிள் கடைக்குப் போயிருக்கலாம். எனக்குத் தெரியாததோ என்ற எண்ணத்தில் சாதாரணக் கிளிப்பைப் போட்டேன். நீ ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, சின்னப் பல்லுக்கு மாத்தேக்கை ஒரு டிக் டிக் சத்தம் கேக்குது" என்றாய். நான் சொன்னது எனக்கு நல்ல நினைவு. "ஓடுறவன் காத்தைக் கேக்கவேணும், செயினைக் கேட்டுக்கொண்டிருந்தா கடைசியாத்தான் வருவாய்" என்றேன்.

மனம் ஒப்பாமல் போன கிழமை அதேபோல ஒரு கிளிப்பைப் போட்டு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றிக் கியரை மாற்றிப் பார்த்தேன். சின்னப் பல்லுக்கு வந்ததும் டிக் டிக். சட்டத்தின் உட்பக்கத்தில், கிளிப் உரசின அதே இடத்தில், பெயின்ற் போன பழைய கீறல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வேகமாய்ச் சுற்றினேன், கிளிப் பறந்துபோய் அடுப்படிச் சுவரில் பட்டது. அம்மா வெளியே வந்து "இந்த வயசிலை ஆருக்கு வெடி வைக்கிறியள்?" என்று கேட்டா. என்னால் சிரிக்க முடியவில்லை.

பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பி, வல்லை வெளியின் எதிர்க்காற்றையும் வென்று, எல்லோருக்கும் முன்னால் வந்தவன் நீ. புத்தூர்ச் சந்திக்கு இன்னும் ஒரு மைல்கூட இல்லை. கடைசி ஓட்டத்துக்குச் சின்னப் பல்லுக்கு மாற்றினாய், அவரங்காலில் விழுந்தாய். நான் ஓடி வந்து முதலில் தூக்கியது சைக்கிளை. பிறகு சந்தியில், அவ்வளவு சனத்துக்கு முன்னால், "மாடு இழுக்கிற மாதிரிக் கியரை இழுத்தால் செயின் அறாமல் என்ன செய்யும், கைப்பக்குவம் இல்லாதவனுக்கு றேசிங் சைக்கிள் எதுக்கு" என்றேன். அந்த வருசக் கடைசியிலேயே நீ வெளிநாடு போய்விட்டாய். போன மாதம் ஆரணி போனில், "அப்பப்பா, அப்பா ஏன் சைக்கிளே ஏறுறேல்லை? கேட்டா தனக்குக் கைப்பக்குவம் இல்லையாம்" என்றாள். இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு என்னுடைய சொல்லை உன் பிள்ளை எனக்கே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் கழகத்துக்குப் போனேன். அன்று போட்டி முடிகிற இடத்தில் கொடி பிடித்து நின்ற பிறேம்தான் இப்போது தலைவர், கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எழும்பி நின்று, அன்றைய பிழை மகனுடையது இல்லை, என்னுடையது என்றேன். பிறேம் சிரித்துக்கொண்டு, "என்னண்ணை, இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு அப்பீலோ? கப்பைத் தரச் சொல்லுறியளோ, அது கறள் பிடிச்சுப் போச்சு" என்றார். "கப் வேண்டாம், உந்தச் சந்தியிலை சொன்னதைத் திருப்பி எடுக்க வந்தனான்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு பிறேம் மெதுவாக, "உதை எங்களுக்கேன் சொல்லுறியள், அவனுக்கெல்லோ சொல்லவேணும்" என்றார். அதுதான் இந்தக் கடிதம். முதலில் ரீச்சரிடம், என்னிலும் கொஞ்சம் பிழை இருக்கு என்று எழுதுங்கோ என்றேன். அவ பேனையை வைத்துவிட்டு, "கொஞ்சமோ, பஞ்சலிங்கம்?" என்று கேட்டா. அதனால் சரியாகச் சொல்கிறேன். முழுப் பிழையும் என்னுடையது. உன் கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

தேனுஜன் கொழும்பிலிருந்து அனுப்பின புதுச் செயினை ஊசி அடித்துப் பூட்டியிருக்கிறேன், எல்லாப் பல்லிலும் சத்தமில்லாமல் ஓடுகிறது. நீ இன்னும் விற்கச் சொன்னால் விற்கிறேன், வைத்திருக்கச் சொன்னால் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், அவரிடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆரணி கேட்டால் அவளுக்குச் சைக்கிள் ஓடக் காட்டிக்கொடு, அதற்கு உன்னை விட நல்ல ஆள் கிடையாது. மருமகளை வேலை வேலை என்று சாப்பிடாமல் விட வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னா. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

பதில் கட்டாயம் போடு. அன்று சந்தியில் திருப்பிப் பேசாமல் நின்ற நீ இதிலும் பேசாமல் இருந்துவிடாதே. என்னை ஏச வேண்டுமென்றால் நன்றாக ஏசி எழுது. வாசிக்கப்போகிறவ ரீச்சர் என்று பார்க்காதே, ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பேன் என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறா.

இப்படிக்கு,
உன் அப்பா
பஞ்சலிங்கம்