தகரம் போட்ட மேசை

மருமகள் போன வாரம் ஒரு கண்ணாடிப் பலகை வாங்கி வந்தாள். காய் நறுக்குவதற்காம். பூப்படமெல்லாம் போட்டுப் பளபளவென்று இருக்கிறது. கறை ஒட்டாதாம், மீன் வாடை பிடிக்காதாம். பத்தாங் பெர்ஜுந்தாயில் எந்தக் கடைக்காரன் இதை அவள் தலையில் கட்டினானோ, அவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும். கத்தி அதன்மேல் படும்போதெல்லாம் கிரீச் கிரீச் என்று ஒரு சத்தம். எனக்குப் பல் கூசுகிறது. நேற்று தக்காளித் தோலில் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அத்தை, முந்தாநாளுதானே தீட்டுனீங்க? என்னா தீட்டுனீங்க?" என்றாள்.

நான் தீட்டியது உன்னுடைய கல்லில், தோழி. அவள் கேட்டது அன்று தோட்டத்தில் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடுமாம், அதனால் வீட்டில் ஒரு பிடி அரிசிகூட வைக்கக் கூடாது என்று உத்தரவு. சோறாகக் கொடுத்தால் காட்டுக்குப் போவதற்குள் ஊசிவிடும் அல்லவா? அதற்காகத் தோட்டத்துக்கே ஒரு பொதுச் சமையற்கட்டு. உன்னையும் என்னையும் ரப்பர்ப் பால் வெட்டும் வேலையிலிருந்து எடுத்து அதில் போட்டார்கள். தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் அரியக் கூடாது, அது சுத்தமில்லை என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார். நீளமாக ஒரு மேசை செய்து, மேலே தகரம் அடித்துக் கொடுத்தார்கள். கத்திகள் ராத்திரியில் வேலி வாசல் காவல் சாவடியில் பூட்டில் இருக்கும். காலையில் எண்ணிக் கொடுப்பார்கள், சாயங்காலம் எண்ணி வாங்குவார்கள்.

தீட்டும் வேலையை நீ கேட்டா வாங்கினாய்? அவர்களாகத்தான் உன்னிடம் கொடுத்தார்கள். பால்வெட்டுக் கத்தி தீட்டுவதில் உன்னை அடித்துக்கொள்ள அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. உன் வீட்டுக்காரருடைய கத்தியையும் நீதான் தீட்டுவாய். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து நீ வீட்டுக்கு வருவதற்குள் வாசலில் நாலைந்து பேர் கத்தியோடு காத்திருப்பார்கள். "கல்ல அமுக்காத புள்ள, தடவு" என்று எனக்கும் சொல்லித் தருவாய். நான் அமுக்கத்தான் செய்வேன். நீ சிரிப்பாய்.

அப்படிப்பட்ட கை தீட்டிய கத்தி, காலையில் மயிரைச் சிரைக்கும், பரங்கிக்காயும் கருவாடும் வெட்டி முடிப்பதற்குள் மொட்டையாகிவிடும். மொட்டைக் கத்தியை அழுத்தி வெட்டி என் விரலிலும் உன் விரலிலும் எப்போதும் துணிதான். சமையல் தாமதமாகும். பசியோடு வந்த சனம் வரிசையில் நின்று நம்மைத் திட்டும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, விடியற்காலையில் மரத்துக்குப் போனவர்கள்.

நீ என்ன செய்தாய்? இன்னும் மெலிசாகத் தீட்டினாய். பால்வெட்டுக் கத்திக்குப் போடும் அதே கூர்மையைச் சமையல் கத்திக்கும் போட்டாய். மெலிய மெலிய அது இன்னும் சீக்கிரம் மடங்கியது. அப்போது நம் இரண்டு பேருக்குமே விளங்கவில்லை. எப்படி விளங்கும்? பால்வெட்டுக் கத்தி பட்டையைச் சீவிவிட்டு வெளியே வந்துவிடும், எதிலும் போய் இடிக்காது. அரிவாள்மணையில் காய்தான் கத்தியிடம் போகும். காய்க்கு அடியில் ஒன்று இருக்கும், கத்தி அதன்மேல் போய் மோதும் என்பதே நமக்குப் பழக்கமில்லாத சங்கதி. வெள்ளைக்காரத் துரை வீட்டுக் குசினியில் சமைக்கிறவன் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் ஒரே நாளில் சொல்லியிருப்பான். எவனும் எட்டிப் பார்க்கவில்லை.

தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி வந்தார். "ஏம்மா, காலையில தீட்டுனது மத்தியானத்துக்கே மொட்டையாவுது, என்னா வேல இது?" என்றார்.

பக்கத்தில் நின்ற மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர், குறுக்கே வந்தார். "இவ கொழுந்தன் தொழிற்சங்கத்துல இருந்தவன் லா. யாராச்சும் சொல்லி வேணும்னே செய்றாளோ என்னமோ."

அந்தக் காலத்தில் அந்த ஒரு வார்த்தை போதும், காட்டு ஆளென்று போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நீ மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். 'இல்லைங்க ஐயா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் உன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. மறுநாள் உன்னைச் சமையற்கட்டிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டார்கள். வேலி ஓரம் லோரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீ பிள்ளைகளை மடியில் இழுத்து வைத்துக்கொள்வாய் என்று உன் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். கடவுள் புண்ணியம், யாரும் வரவில்லை.

உன் இடத்துக்கு மண்டோரின் மச்சான் வந்தான். அவன் தீட்டிய அழகை நான்தான் கண்ணால் பார்த்தேனே. கல்லில் நாலு இழுப்பு, பிறகு சுருட்டு. கத்தி உன் நாளில் இருந்ததைவிட மோசமாக இருந்தது, ஆனால் அவனை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் மேசைத் தகரத்தின் ஓரம் கிழிந்து ஒருத்தியின் கையைப் பதம் பார்த்துவிட்டது. தகரத்தைப் பிடுங்கிப் பின்னால் எறிந்துவிட்டு, ரப்பர் காயவைக்கும் புகைவீட்டில் கிடந்த தடித்த பலகைகளைக் கொண்டுவந்து அடித்தார்கள்.

அன்றோடு தகரத்தில் கத்தி படும் கிரீச் சத்தம் நின்றது. கத்தி பலகையில் டொக் டொக்கென்று விழுந்தது. சாயங்காலமும் வெங்காயம் பூப்போல அரிந்தது. மறுநாளும் அரிந்தது. மண்டோர் மச்சானின் தோளைத் தட்டி, "ஆம்பள கை லா, பாத்தீங்களா?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் கிடந்த தகரத்தை எடுத்துவந்து, நன்றாக வெட்டிக்கொண்டிருந்த கத்தியால் அதன்மேல் ஒரு பூசணித் துண்டை நறுக்கினேன். கொஞ்ச நேரந்தான். கத்தியின் வாய் மடங்கி வெள்ளையாக மின்னியது. பலகையில் இருப்பது கத்தி பதிந்த வெட்டு, மரம் வழிவிட்டிருக்கிறது. தகரத்தில் வெறும் கீறல்தான், அது வழிவிடவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா உன்னை அப்படிப் பேசினார்கள்?

கத்தியையும் தகரத்தையும் மண்டோரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "சும்மா போம்மா, முடிஞ்ச கதைய ஏன் கெளப்புற?" என்றார். கிராணியிடம் போனேன். அவர் முழுக்கக் கேட்டார், பார்த்தார், தலையைக்கூட ஆட்டினார். கடைசியில், "சரிதான்மா. ஆனா நான் துரைகிட்ட ஒண்ணு சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொன்னா என்னைய என்னான்னு கேப்பாரு" என்றார். தெரியாதவரிடம் சண்டை போடலாம், தெரிந்துகொண்டே தலையாட்டுகிறவரிடம் என்ன போடுவது?

அதைவிடப் பெரிய கொடுமையை நீ செய்தாய். தண்ணீர்க் குழாயடியில் நீ துணி துவைத்துக்கொண்டிருந்தாய். நான் மூச்சிரைக்க ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னேன். மடியில் மறைத்து எடுத்துவந்த தகரத் துண்டை நீட்டினேன். நீ அதைத் தொடவே இல்லை.

"விடு புள்ள. எனக்காகச் சொல்ற. என் கையிலதான் என்னமோ கோளாறு" என்றாய்.

உன்னை அறையலாம் போல இருந்தது. ஊர் சொன்னதை நீயும் நம்பிவிட்டாய்.

அவசரகாலம் முடிந்து முள்கம்பியைப் பிடுங்கினார்கள், அவரவர் வீட்டில் உலை கொதித்தது, நீயும் திரும்ப மரத்துக்குப் போனாய். ஆனால் உன் கத்தியை உன் வீட்டுக்காரர் தீட்டிக் கொடுத்தார், அவருக்குப் பிறகு உன் மகன். கல்லை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீயே வச்சுக்க, எனக்கு எதுக்கு?" என்றாய். எத்தனை தடவை அந்தப் பேச்சை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ பேச்சை மாற்றினாய். கடைசியில் உன் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தும் எடுத்தேன். "இன்னும் அதையா நெனச்சிக்கிட்டிருக்க?" என்று சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

நேற்று மருமகள் கையிலிருந்து கத்தியை வாங்கினேன். உன் கல்லை நனைத்து, அமுக்காமல் தடவித் தீட்டினேன். கண்ணாடிப் பலகையைத் தூக்கி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு, பழைய மரப்பலகையை அவள் முன்னால் வைத்தேன். "இரும்பவிடக் கண்ணாடி கெட்டி. இதுல வெட்டிப் பாரு" என்றேன். தக்காளி தானாகப் பிளந்தது. இன்று காலையிலும் பிளந்தது. அவளுக்கு ஆச்சரியம். "உங்க கைக்கு ஈடு இல்ல அத்தை" என்றாள்.

கழுவி எடுத்த உன் கல்லைக் கையில் வைத்தபடியே "என் கை இல்லடி" என்று ஆரம்பித்து, மேசை, தகரம், மண்டோர், லோரி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். உன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அப்ப அவங்க மேல தப்பே இல்லையே, அத்தை" என்றாள்.

கிராணி சொல்லியிருக்க வேண்டியதை, மண்டோர் சொல்லியிருக்க வேண்டியதை, நீ பிறந்த தோட்டத்தையே கண்ணால் பார்க்காத இந்தப் பெண் சொல்கிறாள். நீ அதைக் கேட்க இல்லை.

"அவங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"சொன்னேன்" என்றேன். "நம்பல."

கல் இன்னும் ஈரமாக என் கையில்தான் இருந்தது.