நீங்கள் தின்னாத காஜுன் கோழி

அக்கா,

இன்று கம்பெனியில் நம் லைன் டார்கெட்டை முடித்ததற்குப் பீட்சா வாங்கித் தந்தார்கள். எல்லாரும் ஆரிகானோ பாக்கெட்டுகளைக் குப்பையில் போட, என் கை மட்டும் அவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. ரூமுக்கு வந்து ஒன்றைப் பிரித்தேன். அந்த வாசனையில் பிள்ளைப்பாக்கத்து உங்கள் மொட்டைமாடி அப்படியே வந்து நின்றது. அழுதேன். வேறென்ன செய்வது?

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில், மாலில் ஒரு தடவை தின்ற, காஜுன் மசாலாப் பொடி தூவிய உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வாரம் உங்கள் காதைத் தின்றேன். "இன்னாடி பெரிய காஜுன்? வூட்லயே அரைச்சிக்கலாம்" என்றீர்கள். வீடியோவைப் பார்த்து வேலையில் இறங்கினீர்கள். மெல்லிசாகச் சீவிய பூண்டும் வெங்காயமும் மூன்று நாள் மாடி வெயிலில் காய்ந்தன. தெருவே மூக்கைப் பொத்தியது. பாப்ரிக்காவுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய், அதோடு மிளகு, உப்பு. ஆரிகானோவுக்கு நம் லைனில் வீணாகும் பாக்கெட்டுகள். தைம் இலை மட்டும் கிடைக்கவில்லை என்று ஓமத்தைக் கை நிறைய அள்ளிப் போட்டீர்கள். அன்றைக்கு அந்தப் பொடி தடவிப் பொரித்த கோழி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து மாதிரி மணத்தது. ஆனாலும் ரூமிலிருந்து வந்த நாங்கள் ஐந்து பேரும் எலும்பைக்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு வார லீவு என்றால் உங்கள் வீடுதான். உப்புப் பார்க்க என் உள்ளங்கையில் பொடி வைப்பீர்கள். சூடு ஆறுவதற்குள் அடுத்த ஈடு பொரித்துப் போடுவீர்கள். உங்களுக்கு மட்டும் தயிர்ச்சோறு. "வேணாம்டி, வயிறு ஒரு மாதிரியா கீது" என்பீர்கள். நான் சும்மா இருந்தேனா? "செஞ்சவிய திங்க மாட்டேங்கியளே, எங்களுக்கு விஷம் எதுவும் வச்சிட்டியளாக்கா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். என் வாயில் சூடு வைக்க வேண்டும்.

கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரத்தில் லீவு போட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, டீ பிரேக்கில் மாத்திரை விழுங்கிக்கொண்டே நின்றிருக்கிறீர்கள். நீங்கள் லைனிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. இரைப்பையில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கையில சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ சிரிச்சிகினு இருந்த. அத்த ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்" என்றீர்கள்.

உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவந்து ஏழு மாதமாகிறது. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். சொல்லித் தொலைத்திருக்கலாமே! ஆனால் நான் எங்கே கேட்டேன்?

போன வாரம், புதிதாகச் சேர்ந்த தேனிப் பெண் ஒருத்தி மூன்றாவது நாளாகக் கேன்டீன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "என்னட்டி செய்யுது?" என்று கேட்டேன். வயிற்றைக் காட்டினாள். லீவு கேட்கப் பயமாம். நானே சூப்பர்வைசரிடம் போய், அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இரண்டு பேருக்கும் அரை நாள் பர்மிஷன் வேண்டும் என்றேன்.

"இன்னாமா, அவ உனுக்குச் சொந்தமா?" என்றார்.

"ஆமா சார், தங்கச்சி."

கொடுத்துவிட்டார், அக்கா. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.