பேத்தியின் பெயரில் எஸ்போசிட்டோ

அனுப்புநர்:
த. ஜம்புநாதன்,
தாலுகா அலுவலகத் தலைமை எழுத்தர் (ஓய்வு),
மகள் வான்மதி இல்லம், எடிசன், நியூ ஜெர்சி.

பெறுநர்:
பிறப்பு இறப்புப் பதிவாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பேத்தி வெண்பாவின் பிறப்புச் சான்றிதழில் என்னால் நேர்ந்த பிழையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதியதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆங்கிலத்தில் எனக்குப் படிவம் நிரப்ப மட்டுமே வரும். அப்படி நிரப்பியதில்தான் இந்த வினையே வந்தது. என் மகளின் மொழிபெயர்ப்பு இத்துடன் உள்ளது.

2. ஆறு ஆண்டுகளுக்கு முன் வெண்பா அறுவை சிகிச்சையில் பிறந்தாள். மருமகன் ஜென்னாரோ எஸ்போசிட்டோ என் மகளின் கட்டிலை விட்டு நகரவில்லை. எனவே மருத்துவமனைப் படிவத்தை நான் நிரப்பினேன். எங்கள் ஊரில் பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயர்தான் சேரும். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. முப்பது ஆண்டுகள் ஊரார் சான்றிதழ்களைச் சரிபார்த்த மிதப்பில், யாரையும் கேட்காமல் 'வெண்பா ஜென்னாரோ' என்று எழுதினேன். மருமகன் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டார். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்பினார்.

3. முதல் பெண்ணுக்குத் தந்தையின் தாயார் பெயரை வைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். என் மகள் தமிழ்ப் பெயர் கேட்டதால் அதை விட்டுக்கொடுத்தவர் அவர். குடும்பப் பெயர் மட்டும் இருந்தால் போதும் என்றார். அந்த ஒன்றையும் நான் பறித்துவிட்டேன். சான்றிதழ் வந்தபோதுகூட அவர் கோபப்படவில்லை. என் மகளிடம் கற்ற தமிழில், "பரவால்ல மாமா, அப்புறம் மாத்திக்கலாம்" என்று சிரித்தார். கடந்த நவம்பரில் மாரடைப்பில் காலமானார். வயது நாற்பத்தொன்று.

4. அப்பெயர்களின் கதையை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். ஜென்னாரோ என்பது நேப்பிள்ஸ் நகரைக் காக்கும் புனிதரின் பெயர். பாட்டனாரிடமிருந்து இவருக்கு வந்தது. எஸ்போசிட்டோ என்பது அந்நகரின் அநாதை இல்லத்தில் விட்டுச் செல்லப்பட்ட குழந்தைகளுக்கு வைத்த பெயர். அவருடைய முன்னோர் ஒருவர் அப்படி விடப்பட்டவர். யாருமற்ற பிள்ளைக்குக் கிடைத்த பெயரில் இன்று எத்தனை பேர் பாருங்கள் என்று பெருமையாகச் சொல்வார்.

5. அடக்கத்தன்று வெண்பா குடும்பக் கல்லறையில் பொறித்திருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எல்லாம் ஒன்றுபோல் முடிவதைக் கண்டு, தான் இந்தக் குடும்பம் இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அக்கேள்விக்குப் பதிலாகத்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

6. திருத்தப் படிவத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று தங்கள் அலுவலர் கனிவாகவே எடுத்துரைத்தார். மருமகனின் இறப்புச் சான்றிதழை இணைத்துள்ளேன். செப்டம்பரில் குழந்தை முதல் வகுப்பில் சேருமுன், 'வெண்பா எஸ்போசிட்டோ' என்று திருத்தித் தருமாறு மன்றாடுகிறேன். பிழை முழுவதும் என்னுடையது; அவளுடையது அல்ல, அவள் தந்தையுடையதும் அல்ல.

7. படிவத்தில் தந்தை கையெழுத்திடும் இடத்தை வெற்றாகவே விட்டிருக்கிறேன். அவருக்காக ஒருமுறை நான் எழுதியது போதும்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) த. ஜம்புநாதன்

இடம்: எடிசன்
நாள்: 09.06.2025