வழக்கம்போல வார்டு

பிப்ரவரி 6

அன்புள்ள கைராசிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று சும்மா கேட்கமாட்டேன். அதைக் கேட்பதற்குத்தான் இப்போது எனக்குச் சம்பளம். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று அலைகிறாளே என்று திட்டினாய் அல்லவா? அந்த அலைச்சலுக்குப் பலன் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஊழியர்களின் உடல்நலம் பற்றிய என் ஆய்வுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி என்று நினைக்கிறாய்? உன்னுடையதேதான்!

விஷயம் இதுதான். வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் படுக்க இடம் கொடுத்தால் நர்சுகளின் உடம்புக்கு நல்லதா? நல்லது என்று கால் கடுக்க நின்ற எல்லாருக்கும் தெரியும். நிர்வாகத்துக்கு மட்டும் நிரூபித்துக் காட்ட வேண்டும். அதனால் பாதி வார்டுகளுக்கு ஓய்வு, மீதிப் பாதி வழக்கம்போல. ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்போம். எந்த வார்டுக்கு எது என்று நான் தீர்மானித்தால் பாரபட்சம் வந்துவிடும். சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும்.

அந்தச் சீட்டை நீதான் எடுக்கப்போகிறாய். நீ ஊசி போட்டால் கைக்குழந்தைகூட அழாது. பயிற்சிக் காலத்திலேயே உனக்குக் கைராசி என்று பெயர் வைத்தவள் நான். வேறு யார் கையையும் நம்பமாட்டேன்.

நம் மேட்ரன் இடுப்பில் அதே சாவிக்கொத்து இன்னும் குலுங்குகிறதா? உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். போனில் பேசலாமே என்று மட்டும் ஆரம்பிக்காதே. போனில் நீ 'ம்' கொட்டியே ஒப்பேற்றிவிடுவாய். காகிதத்தில்தான் உனக்கு வாய் திறக்கும்.

உன்,
கேள்வி

மார்ச் 3

அன்புள்ள கேள்விக்கு,

வகுப்பில் கேள்வி கேட்டுக் கேட்டே ஆசிரியைக்குத் தலைவலி வரவழைத்தவள் நீ. இப்போது ஒரு ஆஸ்பத்திரிக்கே வரவழைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நீ போனதிலிருந்து வார்டில் எனக்குத்தான் அர்ச்சனை. டப்பாவுக்குள் கையை விட்டு எங்கள் வார்டுச் சீட்டை எடுத்தேன், 'வழக்கம்போல' என்று வந்தது. என்னைவிட உன் முகம்தான் முதலில் வாடிப்போனது. "விடுடி, உரல்ல தலையைக் குடுத்தாச்சு, இனி உலக்கைக்குப் பயந்து என்ன பண்ண?" என்று நான்தான் உன்னைத் தேற்ற வேண்டியிருந்தது. பக்கத்து வார்டுக்காரிகள் மத்தியானம் போய்ப் படுத்துவிட்டு, கன்னத்தில் தலையணைத் தடத்தோடு வந்து நிற்கிறார்கள். எங்களுக்கு வயிற்றெரிச்சல். அதையும் உன் ஆய்வில் சேர்த்துக்கொள்.

ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டினாயே, 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும், காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்' என்று. நீ போன பிறகும் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "எதுலேருந்து, வேலையிலேருந்தா? எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் ஒருத்தி. ஆனால் எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. இங்கே யாரும் எங்களிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. நான் முழுகாமல் இருக்கிறேன். ஆமாம்டி, இத்தனை வருஷம் கழித்து! மூன்று மாதம் முடிந்துவிட்டது. நீ வந்திருந்தபோதே தெரியும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன், திருஷ்டி பட்டுவிடுமோ என்று பயம். அவர் பஸ் பணிமனையிலிருந்து வந்ததும் என்னை ஒரு டம்ளர்கூடக் கழுவ விடுவதில்லை. தானே கழுவுகிறேன் என்று இரண்டை உடைத்தும் விட்டார்.

உன்,
கைராசி

மார்ச் 12

அடி கள்ளி,

அலுவலகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். சந்தோஷத்துக்கும் தண்ணீர்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

பிரசவத்துக்கு உன் தலைமாட்டில் நான் இருப்பேன். இது வாக்கு. குழந்தைக்குப் பெயர் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பட்டப்பெயர் வைக்கும் உரிமை எனக்குத்தான். உடம்பைப் பார்த்துக்கொள். கனமானதைத் தூக்காதே. அடிக்கடி உட்கார். உனக்குத் தெரியாததையா சொல்லப்போகிறேன்? இருந்தாலும் சொல்வேன்.

உன்,
கேள்வி

ஏப்ரல் 9

அன்புள்ள கேள்விக்கு,

'அடிக்கடி உட்கார்' என்று எழுதியிருந்தாய். எங்கே உட்காருவது என்று எழுதவில்லையே!

கோபித்துக்கொள்ளாதே, ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் வார்டின் கோடியில் துணி அறை இருக்கிறதல்லவா? விரிப்புகள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே ஒரு நீளப் பெஞ்சு. பயிற்சியில் இருந்தபோது நீயும் நானும் மாறி மாறிப் படுத்த பெஞ்சுதான். உடம்புக்கு முடியாதவள் மத்தியானம் அங்கே போய்க் கொஞ்ச நேரம் முதுகைச் சாய்ப்பாள், மற்றவர்கள் அவள் கட்டில்களையும் பார்த்துக்கொள்வார்கள். மேட்ரன் கண்டும் காணாமல் இருப்பார். இத்தனை காலம் எங்கள் பிழைப்பு அப்படித்தான் ஓடியது.

போன மாதத்திலிருந்து அந்த அறைக்குப் பூட்டு. மேட்ரனிடம் போய்க் கேட்டேன். நீ கொடுத்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். 'வழக்கம்போல வார்டுகளில் ஆய்வு முடியும்வரை எந்த வகையான கூடுதல் ஓய்வும் தரக்கூடாது' என்று இருக்கிறது. "எழுதியிருக்கிறதைத்தானேம்மா நான் செய்றேன்? எழுதினது உன் சிநேகிதிதான். அவ ஒரு வார்த்தை சொன்னா இப்பவே திறந்துடறேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. எழுத்தில் வந்துவிட்டால் அந்த அம்மாவுக்கு அதுதான் வேதம்.

மத்தியானம் ஆனால் இடுப்பு விட்டுப்போகிறது. கால் வீங்கிச் செருப்புக்குள் போக மறுக்கிறது. விடுப்பை எல்லாம் பிரசவத்துக்குச் சேர்த்துவைத்திருக்கிறேன், இப்போதே தொட மனசில்லை. எனக்கு ஓய்வு வார்டு வேண்டாம். அந்தப் பெஞ்சு போதும். மேட்ரனுக்கு ஒரு வரி எழுதிப் போடுகிறாயா?

உன்,
கைராசி

ஏப்ரல் 20

என் அன்புக் கைராசிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் தவித்தேன். அதனால்தான் தாமதம்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. துணி அறையில் படுப்பது எந்த விதியிலும் இல்லாத விஷயம். அதைத் திறந்துவிட்டால் வழக்கம்போல வார்டிலும் ஓய்வு கிடைத்ததாகிவிடும். அப்புறம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. "பார்த்தாயா, ஓய்வு கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை" என்று நிர்வாகம் கையை விரித்துவிடும். ஒரு வார்டுக்கு மட்டும், அதுவும் என் தோழி இருக்கும் வார்டுக்கு, நான் தனியாக எழுதினால் ஆய்வின் மேலேயே சந்தேகம் வரும். இத்தனை வருஷ உழைப்பு தண்ணீரில் போய்விடும். எனக்காக மட்டும் சொல்லவில்லை. இது ஜெயித்தால் அங்கே இருக்கிற ஒவ்வொரு நர்சுக்கும் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும்.

இன்னும் கொஞ்ச காலம்தான். பல்லைக் கடித்துக்கொள், என் தங்கமே. மருத்துவரிடம் காட்டி, இலகுவான வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார். பாதியில் ஒருமுறை கணக்குப் பார்ப்போம். அது முடிந்ததும் மேட்ரனுக்கு நானே எழுதுகிறேன்.

என்னைத் தப்பாக நினைக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

உன்,
கேள்வி

மே 2

அன்புள்ள கேள்விக்கு,

தப்பாக நினைக்கவில்லை. நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் கேட்டதை மறந்துவிடு.

மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆள் பற்றாக்குறை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மேலே இருந்து பதில் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. வார்டில் என்னோடு இருக்கும் நர்சுப் பிள்ளைகள் தங்கமானவர்கள். மேட்ரன் தலை மறைந்தால் எனக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போடுகிறார்கள். சாவிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவேன். இந்த வயதில் ஒளிந்து ஒளிந்து உட்காருகிறேன், சிரிப்பாக இருக்கிறது.

நேற்று மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது உள்ளே அசைந்தது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு நின்றேன். "என்னம்மா, என் மாத்திரை தீந்துபோச்சா?" என்று கேட்டார் கட்டிலில் இருந்த பெரியவர். இல்லை, இப்பதான் வந்திருக்கு என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

உன்,
கைராசி

மே 27

கேள்விக்கு,

குழந்தை இல்லை.

வேலையில் இருக்கும்போதுதான். அந்தப் பெரியவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். "கை நடுங்குதேம்மா, உக்காரு" என்றார். என் கை நடுங்குகிறது என்று ஒரு நோயாளி சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு வலித்திருக்கும். ஊசியை எடுத்து அவர் கையில் பஞ்சை வைக்கிறவரை நின்றேன். அப்புறம் நிற்க முடியவில்லை.

என்னை எங்கே கொண்டுபோய்க் கிடத்தினார்கள் தெரியுமா? துணி அறையில். கிட்டே இருந்தது அதுதான். மேட்ரன்தான் ஓடிவந்து திறந்தார். எத்தனை சாவியைப் போட்டாலும் சேரவில்லை. அழுதுகொண்டே திறந்தார். மருத்துவர் வருகிறவரை அந்தப் பெஞ்சில்தான் இருந்தேன்.

ஆண் குழந்தை. அவர் பணிமனையிலிருந்து ஓடிவந்து பார்த்தார்.

இனி என்னைக் கைராசி என்று கூப்பிடாதே.

ஜூன் 2

என் உயிர்த் தோழிக்கு,

எழுதவே கை வரவில்லை. உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. வா என்று ஒரு வார்த்தை சொல், அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன்.

துணி அறையைத் திறந்துவிடச் சொல்லி மேட்ரனுக்கு அன்றே எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேள். உன்னை நீயே நொந்துகொள்ளாதே. ஒருத்திக்கு நடந்ததை வைத்து, இதனால்தான் அது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனையோ பேருக்குக் காரணமே தெரியாமல் இப்படி ஆகிறது. வீட்டில் படுத்தே இருந்தவர்களுக்கும் ஆகிறது. உனக்கு இது தெரியும். தெரிந்தும் மனசு கேட்காது, அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன்,
கேள்வி

செப்டம்பர் 15

என் தோழிக்கு,

இதற்கு முன் போட்ட எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை. வீட்டு வாசல்வரை வந்தேன். உன் வீட்டுக்காரர், "தூங்குறாம்மா, எழுப்பட்டுமா?" என்றார். உள்ளே விளக்கு எரிந்தது, உன் நிழலும் தெரிந்தது. வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆய்வு முடிந்துவிட்டது. ஓய்வு கிடைத்த வார்டுகளில் நோய் விடுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. இடுப்பு வலி, கால் வீக்கம், மருந்து கொடுப்பதில் வரும் தவறு எல்லாமே குறைந்திருக்கிறது. உங்கள் வார்டுகளுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து நிர்வாகமே ஒத்துக்கொண்டுவிட்டது. இனி எல்லா வார்டுகளுக்கும் ஓய்வு நேரம், தனி அறை. நாம் பயிற்சிக் காலத்தில் கண்ட கனவு. ஆனால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. எல்லாரும் கை கொடுத்தபோது கழிவறைக்குப் போய் அழுதேன்.

உன்னுடைய விவரங்களும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. உனக்கு நடந்ததும் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். உனக்கு அந்த உரிமை உண்டு.

நீ எப்படி இருக்கிறாய்? இதை உத்தியோகத்துக்காகக் கேட்கவில்லை.

உன்,
கேள்வி

அக்டோபர் 1

அன்புள்ள கேள்விக்கு,

எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். அவர் இப்போது டம்ளர் கழுவப் பழகிவிட்டார். உடைவதே இல்லை.

அன்று நான் தூங்கவில்லை. நீ வாசலில் நின்றது தெரியும். எழுந்து வர முடியவில்லை.

நீ மேட்ரனுக்கு எழுதியதை அவர் என்னிடம் காட்டினார். 'துணி அறையைத் திறந்துவிடவும்.' அவ்வளவுதான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நான் கேட்டதும் அந்த ஒரு வரியைத்தானே கேட்டேன்?

இதனால்தான் அது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று எழுதினாய். நான் ஒத்துக்கொள்கிறேன். பெஞ்சு கிடைத்திருந்தாலும் அவன் தங்காமல் போயிருக்கலாம். அது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் பெஞ்சில் படுத்திருந்தால், நம்மால் ஆனதைச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு நான் அழுதிருப்பேன். அந்த அழுகைகூட எனக்குக் கிடைக்கவில்லை. குழந்தையை இழந்த அந்த வாரத்தில் என் தோழி எனக்கு எழுதுவாள் என்று காத்திருந்தேன். எழுதியது ஆராய்ச்சிக்காரி. நீ ஆறுதல் என்று நினைத்துத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா?

புது ஓய்வு அறையைப் போன வாரம் திறந்தார்கள். சுத்தமான விரிப்பு, திரைச்சீலை, கதவுக்கு உள்தாழ்ப்பாள். முதல் நாள் எல்லாருமாகச் சேர்ந்து என்னைத்தான் போய்ப் படுக்கச் சொன்னார்கள். படுத்ததும் தூங்கிப்போனேன். ஒரு மணி நேரமும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். எழுந்தபோது இடுப்பு வலிக்கவில்லை, கால் லேசாக இருந்தது. நீ சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் உடனே வார்டுக்குத் திரும்ப முடியவில்லை, கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். ஒருவழியாகத் திரும்பியபோது, என் கன்னத்தில் தலையணைத் தடத்தைப் பார்த்து வார்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

புதிதாக வந்திருக்கும் ஒருத்தி இப்போது ஐந்து மாதம். தினமும் மத்தியானம் நானே கூட்டிப்போய்ப் படுக்கவைத்துவிட்டு வருகிறேன். என் விவரங்களை எடுத்துவிடாதே. எனக்கு நடந்ததும், என் பிள்ளையும் அந்தக் கணக்கிலேயே இருக்கட்டும். அவனுக்கு வேறு எங்கும் இடம் இல்லை. ஆய்விலிருந்து நான் விலகவில்லை.

உன்னிடமிருந்துதான் விலகுகிறேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று நீதான் எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாய். இவ்வளவு காலப் பழக்கத்துக்காகக் காரணத்தையும் சொல்லிவிட்டேன். இனி எழுதாதே.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
'வழக்கம்போல' வார்டு நர்ஸ்