கேப்பைக் களியும் குழைந்த சோறும்

யோகலட்சுமிக்கு அத்தை எழுதுவது.

நீ கோபித்துக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. எனக்கு வாந்தி நின்றுவிட்டது.

சாத்தூர் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். "ராத்திரி சாப்பிட்டது காலையிலயும் வயித்துலயே கெடக்கு. பல வருசச் சர்க்கரையில இரைப்பை மெதுவாயிருச்சு. என்ன சாப்பிடுறீக?" என்று கேட்டார். சர்க்கரைக்கு நல்லதென்று மூன்று வேளையும் கேப்பைக் களியும் கீரையும்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அதான் செமிக்கல. நார்ச்சத்து இப்ப உங்களுக்கு ஆகாது. குழைஞ்ச சோறா, கொஞ்சங் கொஞ்சமா, ஆறு தடவை சாப்பிடுங்க. சாப்பிட்டதும் படுக்காதீக" என்றார்.

நான் வாந்தி எடுத்துக் கிடந்தபோது நீயும் குழைந்த சோறுதான் கொண்டுவந்தாய். "சர்க்கரைக்காரிக்கு அரிசிச் சோத்தப் போட்டுக் கொல்லப் பாக்கியா?" என்று தட்டைத் தள்ளியது நான். நீ கீரையைக் கழுவாமல் போட்டதால்தான் வாந்தி என்று, பட்டாசுக் கம்பெனி வேனுக்கு நிற்கிற பெண்கள் முன்னால் சொன்னதும் நான்தான்.

இப்போது உன் புருசன்தான் சோறு குழைக்கிறான். ஒரு நாள் அரிசியாகவே கிடக்கிறது, மறுநாள் பசையாகிவிடுகிறது, தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டலாம்.

இன்று காலை வேன் வருகிற நேரத்துக்கு நானும் போய் நின்றேன். "என் மருமக கையில குத்தமில்ல. கோளாறு என் வயித்துலதான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அவர்களில் முருகம்மாள், "எங்ககிட்ட சொல்லி என்ன மதினி? அவகிட்ட சொன்னீகளா?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போனாள்.

திரும்பும் வழியில்தான் கடையில் இந்தத் தாளை வாங்கினேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அத்தை