எங்கள் கம்பெனி புகையைக் குறைத்த விதம்

புதன்கிழமை.

கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் டீ-ஷர்ட்டுகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து இன்று ஒரு பெண்மணி வந்திருந்தார். புகையைக் குறைக்க எங்கள் கம்பெனி என்னென்ன செய்திருக்கிறது என்று மேனேஜர் ஒரு பலகையைக் காட்டினார். முதல் வரியே, தொழிலாளர் பஸ்ஸை நிறுத்தியதால் டீசல் மிச்சம் என்பதுதான்!

அந்த பஸ்ஸில்தான் சோமனூரிலிருந்து நாற்பது பெண்கள் வந்துகொண்டிருந்தோம். இப்போது ஸ்கூட்டியிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிறோம். போன வாரம் ஸ்கூட்டியில் வந்த செல்வி அக்கா லாரிக்கு ஒதுங்கப்போய் விழுந்து கையை உடைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க சார், எங்க வண்டியெல்லாம் புகை விடறதில்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

நான் என்ன சொன்னேன் என்று அந்தப் பெண்மணி விசாரித்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "வெரி ஹேப்பி" என்றார். பெண்மணியும் சிரித்தார்.

அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். "நோ ஹேப்பி மேடம். பஸ் நோ. அக்கா கை பிராக்சர்" என்றேன். அந்தப் பெண்மணி சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மேனேஜர், "காலைல ஆபீசுக்கு வாம்மா, பேசோணும்" என்றார். போகிறேன். தனியாக இல்லை. சோமனூர்ப் பெண்கள் எல்லோரும் கூட வருவதாகப் போன் செய்துவிட்டார்கள்.