பதினோரு ஒற்றுமைகள்

இன்று காலைத் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையின் மேல் கையால் எழுதிய என் முகவரியில் மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளி இல்லை. ஒவ்வொன்றின் மேலும் மூடிய சிறு வட்டம். உறையைப் பிரிக்காமல், நீ கொடுத்துவிட்டுப் போன பூதக்கண்ணாடியை இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய வக்கீல் கல்யாணப் பத்திரிகையை இப்படிப் பார்ப்பதைக் கண்டு, என் மனைவி காபியை வைத்துவிட்டுப் போனாள்.

நீ இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் நாம் ஒரே ரயிலில் கோர்ட்டுக்குப் போவோம். நீ அரசுத் தரப்பின் கையெழுத்து நிபுணர், நான் எதிர்த்தரப்பு வக்கீல். தாம்பரம் பிளாட்பாரத்தில் ஒரே பொட்டலத்து வேர்க்கடலை. நீ சாட்சிக் கூண்டில் ஏறியதும் 'நீங்கள்' என்பேன், இறங்கியதும் 'டேய்'.

அந்த டீச்சர் வழக்கும் அப்படித்தான் வந்தது. ஒரு பள்ளி நிர்வாகிக்குக் கொலை மிரட்டலாக மொட்டைக் கடிதம். மாற்றல் விஷயமாக அவரோடு சண்டை போட்டிருந்தவர் சேலையூரில் குடியிருந்த அந்த டீச்சர். போலீஸ் அவருடைய பாடக்குறிப்பு நோட்டை எடுத்து, கடிதத்தோடு உன்னிடம் அனுப்பியது. நீ இரண்டையும் போட்டோ பிடித்துப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி, சிவப்பு மையில் அம்புக்குறி போட்டுக் கொண்டுவந்தாய். பதினோரு ஒற்றுமைகள். முதலாவது அந்தச் சிறு வட்டம்.

குறுக்கு விசாரணையில் உன் படிப்பைக் கேட்டேன், அனுபவத்தைக் கேட்டேன், மூக்குக்கண்ணாடியின் பவர் வரை கேட்டேன்.

"இதற்கு முன் உங்கள் கருத்து தவறியதுண்டா?"

"யாரும் வந்து சொன்னதில்லை" என்றாய். கோர்ட்டே சிரித்தது.

வெளியே கோர்ட் டவாலி எனக்கு ஆறுதல் சொன்னார். "இன்னா சார் நீ, அவரு போட்டோவே புடிச்சிகினு வந்துட்டாரு. அதுக்கு மேல பேச இன்னா கீது?" தீர்ப்பும் இதையேதான் சொன்னது, பன்னிரண்டு பக்கங்களில். மூன்று மாதம் சிறை. அப்பீல் போட்டு ஜாமீன் வாங்கினோம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வழக்கமான கேக்கைக் கொண்டுவரவில்லை. அந்த வருஷம் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்த உன் மகளின் நோட்டைக் கொண்டுவந்தாய். புள்ளிகள் எல்லாம் வட்டம்.

"ஆறு மாசம் முன்னாடி இவ புள்ளிதான்டா வெச்சா. கேட்டா, 'எங்க டிரெயினிங் ஸ்கூல்ல எல்லாரும் இப்படித்தாம்ப்பா எழுதணும், இல்லன்னா நூறு தடவை எழுத விடுவாங்க'ங்கிறா. அந்த டீச்சரும் அங்கதான் படிச்சாங்களாம். என் பதினொண்ணுல எட்டு அந்தப் பள்ளிக்கூடத்தோடது."

"மீதி மூணு?"

"என் எழுத்துலயே இருக்கு."

ஒரு மாதம் சைக்கிளில் குரோம்பேட்டை, பல்லாவரம் என்று அலைந்து, அந்த டிரெயினிங் ஸ்கூலில் படித்தவர்களின் எழுத்தையெல்லாம் சேகரித்தாய். உன் கருத்து தவறு என்று நீயே பிரமாணப் பத்திரம் கொடுத்தாய். அப்பீல் நீதிபதி நிதானமாகப் படித்தார். நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் சொல்லும் நிபுணரை நம்ப இயலாது என்றார். ஆகவே நேற்று சொன்னதை நம்பினார். தவறாகச் சொல்லும்வரை நீ நிபுணர். சரியாகச் சொன்ன அன்று தடுமாறும் சாட்சி.

டீச்சர் மூன்று மாதமும் உள்ளே இருந்தார். வேலை போயிற்று. வெளியே வந்து எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை. நீ அட்டைகளைக் கிழித்துப் போட்டாய். பூதக்கண்ணாடி என்னிடம் வந்தது. அதன்பிறகு ரயிலில் எதையாவது பேசிக்கொண்டிருக்கும்போதே, "அவங்கள நான்தான்டா உள்ள அனுப்பினேன்" என்பாய். நான் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருப்பேன்.

இப்போது சொல்கிறேன். விசாரணைக்கு முன்பே அந்த டீச்சர் என் எதிரில் உட்கார்ந்து, "சார், எங்க டிரெயினிங் ஸ்கூல்ல எல்லாருமே இப்படித்தான் சார் எழுதுவோம்" என்றார். "இத கோர்ட்ல சொல்லிடாதீங்கம்மா. உங்க எழுத்து மாதிரி இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா ஆயிடும்" என்றேன். அவர் தலையாட்டினார். அவருக்கு நான்தானே நிபுணர். 'இன்னும் எத்தனை பேர் இப்படி எழுதுகிறார்கள்?' என்று கூண்டில் உன்னை ஒரு வரி கேட்டிருந்தால், நீ அன்றைக்கே சைக்கிளை எடுத்திருப்பாய். கேட்கவில்லை. கேட்காததை நீ இருக்கும்வரை சொல்லவும் இல்லை.

காபி ஆறிய பிறகு உறையைப் பிரித்தேன். கிழக்குத் தாம்பரத்தில் தெரிந்த ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். பெண் டீச்சராம், உறையில் முகவரி எழுதியதும் அவள்தானாம், உள்ளே வைத்திருந்த சீட்டில் அவர் எழுதியிருந்தார். ஆனால் பிரிக்கும்வரை, பூதக்கண்ணாடியும் கையுமாக, அது அந்தப் பழைய டீச்சரின் எழுத்துதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும், அந்த ஒரு கேள்வியை நான் என்னிடமே கேட்கவில்லை.